மச்சாளுக்கு நான் தெரிவுசெய்த கமரா

என் கணவரின் அக்காவை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். வயது அறுபது. ஒஷாவாவில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை. ஓடிக்கொண்டிருக்கும் பட்டியின் முன்னால் நின்று, கார்க் கதவின் உட்பலகையில் சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் கொளுக்கிகளைப் பெருவிரலால் அமத்திப் பூட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கலியாணம் கட்டவில்லை. தம்பி தங்கைகளை ஒவ்வொருவராகக் கனடாவுக்குக் கூப்பிட்டு, படிப்பித்து, கட்டிக் கொடுத்து நிமிர்ந்தபோது தன்னுடைய காலம் போய்விட்டது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். என் கணவர் இங்கே வந்ததும் அவர் கூப்பிட்டுத்தான். ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராவது தட்டில் தனியாக இருக்கிறார்.

இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதால், றூஜ் ஆறு ஏரியில் விழும் இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் எடுத்துப் போய் நடக்கத் தொடங்கினார். மற்ற ஆறு நாளும் வேலை, சனிக்கிழமை ஓவர்ரைம். நடக்கப் போனவர் பறவை பார்க்கத் தொடங்கிவிட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து போனில் எடுத்த படங்களைக் காட்டுவார்.

"உந்தக் கறுப்புப் புள்ளி தெரியுதல்லோ, உதுதான் மீன்கொத்தி."

"எங்க மச்சாள்? மரக்கொப்புத்தான் தெரியுது."

"கொப்புக்கு இங்கால. வடிவாப் பாரும்."

எவ்வளவு பெருப்பித்துப் பார்த்தாலும் அது புள்ளியாகத்தான் இருக்கும். அப்படி ஒரு மாசி மாதத்து ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கேட்டார், "பறவையள் எடுக்கிறதெண்டா எந்தக் கமரா வாங்கினா நல்லது? உமக்குத்தானே உதுகள் தெரியும்."

தனக்கு ஒன்று வேண்டும் என்று மச்சாள் வாய் திறந்து கேட்டு நான் கண்டது அதுதான் முதல் தடவை. குளிர்காலக் கோட்கூட நாங்களாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு. என் கணவர் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, என்னிடம் கேட்கிறாரே என்று.

கிழமை நாட்களில் நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனி ஞாயிறுகளில் படம் எடுப்பேன். பெண் பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள், அரங்கேற்றம் என்று ஆரம்பித்து, கடைசியில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது கோடையில் நடக்கும் கிரிக்கெட். ஊர்ப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஒவ்வொரு ஞாயிறும் ஸ்காபரோ மைதானங்களில் விளையாடும். ஐம்பது வயதுக்காரர்கள் தொந்தி வண்டியை இழுத்துக்கொண்டு ஓடி, பாய்ந்து பந்து பிடிக்கும்போது அவர்கள் முகத்தில் வரும் ஒரு பன்னிரண்டு வயதுக் களை, அதைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் எல்லைக் கோட்டுக்கு வெளியில் நின்று அதைப் பிடிக்க நீண்ட லென்ஸ் வேண்டும். என்னிடம் அது இல்லை. ஒவ்வொரு முறையும் நகரத்துக்குள் போய் வாடகைக்கு எடுத்து, திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக முன்னர் திருப்பிக் கொடுத்து வருவேன். அந்த வருடம் வீட்டுக் கூரை மாற்றியிருந்தோம். இனி இரண்டு வருடத்துக்குக் கமராச் சாமான் ஒன்றும் வாங்கமாட்டேன் என்று கணவருக்குச் சொல்லியிருந்தேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், மச்சாள் கேள்வி கேட்ட அந்த நிமிடமே என் மனதில் அந்த லென்ஸ் வந்து நின்றது. அவர் கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் வந்துவிட்டது.

அடுத்த ஒரு கிழமை நான் உண்மையாகவே பாடுபட்டேன். வேலை முடிந்து வந்து, விமர்சனங்கள் வாசித்து, காணொளிகள் பார்த்து, கடைசியில் இரண்டு கம்பனிகளுக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒன்று நான் பத்து வருடமாகப் பாவிக்கும் கம்பனி. பெரிய உடல், உள்ளே கண்ணாடி வைத்த பழைய முறைக் கமரா. பற்றரி ஒருமுறை ஏற்றினால் இரண்டு நாள் நிற்கும், குளிருக்கும் அசையாது. மங்கிய வெளிச்சத்திலும் படம் துப்பரவாக வரும். பாவித்த லென்ஸ்கள் எங்கேயும் கிடைக்கும். பழுது பார்க்கும் இடம் இந்த நகரத்திலேயே இருக்கிறது. மற்றது, சின்னக் கமராக்கள் செய்யும் ஒரு கம்பனி. அதில் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சர் சிறியது, அதனால் பின்னேரம் இருட்டத் தொடங்கினால் படம் புழுதி படிந்த மாதிரி வரும். பற்றரி கெதியாக இறங்கிவிடும், குளிரில் இன்னும் கெதி. ஆனால் அதே சின்ன சென்சரால் தூரத்துப் பறவை இன்னும் கிட்ட வரும், லென்ஸும் சிறியது. எல்லாம் சேர்த்தாலும் என்னுடைய கம்பனியின் கமராவும் லென்ஸும் சேர்ந்த பாரத்தில் அரைவாசிகூட இல்லை.

இதையெல்லாம் ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதினேன். மச்சாளுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியும், இருந்தாலும் தமிழில் எழுதினேன். பற்றரி, வெளிச்சம், பழுது, பாவித்த லென்ஸ், கற்றுக்கொள்ளும் சுகம் என்று ஒவ்வொன்றாக. பாரம் என்பதை ஆகக் கடைசியில், பக்கத்தின் அடியில் எழுதி, அதற்குப் பக்கத்தில் "பழகிவிடும்" என்று போட்டேன். இப்போது நினைக்கும்போது என் கையெழுத்தே அந்தச் சொல்லில் சிறுத்துப்போனது நினைவிருக்கிறது.

மச்சாள் கொப்பியைக் கண்ணாடி போட்டு மூன்று தரம் வாசித்தார்.

"இவ்வளவு வேலை மினக்கெட்டிருக்கிறீர். எனக்கு இதில அரைவாசி விளங்கேல்ல. நீர் எதைச் சொல்லுறீர்?"

"நான் பாவிக்கிற கம்பனிதான் நல்லம் மச்சாள். என்ர லென்ஸ் எல்லாம் உங்கட கமராவுக்கும் பூட்டலாம். ஏதும் விளங்காட்டி நான் பக்கத்தில இருந்து காட்டித் தருவன். மற்றக் கம்பனி எண்டா எனக்கே தெரியாது, ஆரைப் போய்க் கேப்பியள்?"

"அப்பிடியெண்டா உம்மட லென்ஸ் எனக்குப் பூட்டலாம். என்ர லென்ஸ் உமக்கும் பூட்டலாமோ?"

சும்மா கேட்டார். வேறு ஒன்றும் அதில் இல்லை. நான் "ஓம்" என்றேன். எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டேன்.

அந்தக் கொப்பியில் ஒரு பொய்யும் இல்லை. பல தடவை மனதுக்குள் அதைத் திருப்பித் திருப்பி வாசித்துப் பார்த்துவிட்டேன். பற்றரி பற்றி எழுதியது சரி, வெளிச்சம் பற்றி எழுதியது சரி. பொய் இருந்திருந்தால் அதைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்தான் அதில் இல்லை. எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? பஸ்ஸில் எப்படிக் கொண்டு போவீர்கள்? கை எப்படி இருக்கிறது? மச்சாள் இரவில் வலது மணிக்கட்டுக்கு எண்ணெய் பூசுவதை நான் எத்தனையோ தரம் கண்டிருந்தேன்.

கடையில் இரண்டையும் எடுத்துப் பார்த்தோம். சின்னக் கமராவை அவர் ஒரு கையால் தூக்கிக் கண்ணில் வைத்து, கடைக்குள் தொங்கிய விளக்கைப் பார்த்து, "அட, இவ்வளவு கிட்ட வருது" என்று சிரித்தார். பிறகு என்னுடைய கம்பனிக் கமராவை நீண்ட லென்ஸுடன் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணுக்குக் கொண்டுபோனபோது லென்ஸின் முன்பக்கம் மெல்லக் கீழே இறங்கியது. நான் பக்கத்தில் நின்று அதைக் கையால் தாங்கிக்கொண்டேன்.

"பாரமா இருக்கல்லோ?"

"முதல்ல அப்பிடித்தான் இருக்கும் மச்சாள். பழகீடும். ஸ்ராண்ட் ஒண்டும் வாங்குவம், அதில வைச்சு எடுக்கலாம்."

"நீர் சொன்னாச் சரிதான்."

ஸ்ராண்டும் வாங்கினோம். அது இன்னும் இரண்டு கிலோ.

முதல் இரண்டு மாதமும் நான் நல்ல பிள்ளையாக இருந்தேன். ஞாயிறுகளில் அவருடன் காரில் போய், வேகம் எப்படி வைப்பது, பறவை பறக்கும்போது எந்தப் பொத்தானை அமத்திப் பிடிப்பது என்று காட்டினேன். ஆற்றங்கரைச் சதுப்பின் ஓரத்தில் நாணலுக்குள் சிவப்புத் தோளுள்ள கறுப்புக் குருவிகள் வந்திருந்தன. ஆற்றின் மறுகரையில், மண் சரிந்த சுவரில் ஒரு சோடி மீன்கொத்தி துளை தோண்டிக்கொண்டிருந்தது. மச்சாள்தான் அதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து மற்றப் பறவை எல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். எப்போது முட்டை, எப்போது குஞ்சு என்று போனில் தேடி வாசித்து வைத்திருந்தார். "ஆனி கடைசியில குஞ்சுகள் வெளியால வரும்" என்று ஒருநாள் சொன்னார், வீட்டில் ஒரு விசேஷத்துக்கு நாள் குறித்தது போல.

வைகாசி நடுவில் கிரிக்கெட் தொடங்கியது. முதல் ஞாயிறுக்கு முதல் நாள் போன் எடுத்தேன்.

"மச்சாள், நாளைக்கு உங்களுக்கு லென்ஸ் தேவைப்படுமோ?"

"ஏன், உமக்கு வேணுமோ? எடுத்துக்கொண்டு போம். நான் சும்மா நடந்திட்டு வாறன்."

அப்படித்தான் கேட்டேன், தேவைப்படுமோ என்று. 'எனக்குத் தாங்கோ' என்று கேட்கவில்லை. அவர் இல்லை என்று சொல்லமாட்டார் என்பது தெரிந்து கேட்டது. அடுத்த ஞாயிறும் கேட்டேன். அதற்கடுத்த ஞாயிறு, நான் கேட்க முன்னரே அவர் லென்ஸைப் பையில் போட்டுக் கதவடியில் வைத்திருந்தார். எனக்கு அது வசதியாக இருந்தது. வாடகை இல்லை, நகரத்துக்குள் ஓட வேண்டியதில்லை. அவர் முகத்தை நான் வடிவாகப் பார்க்கவில்லை.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு ஒரு அரையிறுதி ஆட்டம். நல்ல வெயில். கண்ணாடி போட்ட ஒரு அண்ணை, வங்கியில் வேலை செய்கிறவர், எல்லைக் கோட்டில் பக்கவாட்டில் பாய்ந்து, நிலத்துக்கு ஒரு சாண் மேலே பந்தைப் பிடித்தார். கண்ணாடி ஒருபக்கம் பறக்க, வாய் திறந்திருக்க, இரண்டு காலும் அந்தரத்தில். அந்தக் கணத்தை நான் பிடித்துவிட்டேன். அன்று பின்னேரமே அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். சங்கத்தின் ஆண்டு மலருக்கு அதையே அட்டைப்படமாகப் போடப்போவதாகச் சொன்னார்கள். பத்து வருடத்தில் நான் எடுத்த ஆகச் சிறந்த படம் அதுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் மச்சாள் தொழிற்சாலையின் சாப்பாட்டு இடைவேளையில் போன் எடுத்தார். எனக்கு வாழ்த்துச் சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். சொல்லவும் செய்தார். பிறகு குரல் துள்ளியது.

"நேற்று குஞ்சுகள் வெளியால வந்திட்டுதுகள்! அஞ்சு! துளை வாசல்ல ஒண்டுக்குப் பின்னால ஒண்டு நிண்டு எட்டிப் பாக்குதுகள். தாய் மீனைக் கொண்டு வந்து முன்னால பறக்குது, குடுக்கேல்ல. வா வா எண்டு கூப்பிடுது. முதலாவது குஞ்சு விழுந்த மாதிரிப் பறந்திச்சு பாரும், எனக்கு நெஞ்சு நிண்டிட்டுது."

"ஐயோ மச்சாள், படம் எடுத்தனீங்களோ?"

கேட்டு முடித்த பிறகுதான் நான் கேட்டது எனக்கே விளங்கியது.

"லென்ஸ் உம்மட்டையெல்லோ" என்று சிரித்தார். "பரவாயில்லை. கண்ணால பாத்தனான்தானே."

அன்று இரவு கணவரிடம் சொன்னேன். "அடுத்த வருசம் எடுக்கட்டும், பறவை எங்க போகப் போகுது" என்றார். அந்தப் பதிலை நானும் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு ஆடி முழுவதும் கிரிக்கெட்டுக்கு அந்த லென்ஸைக் கொண்டுபோகவில்லை, அப்படியே என்னிடம் இருந்தது. திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அவரும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை இரவு, கடைசியில், லென்ஸைக் கொண்டு போய்க் கொடுத்தேன். மச்சாள் இடது கையால் கதவைத் திறந்தார். வலது கையில் விரல் அடியிலிருந்து முழங்கைக்குப் பாதி வரை கறுப்புப் பட்டி கட்டியிருந்தது.

"என்ன இது?"

"ஒண்டுமில்லை. நரம்பு நெரிபடுதாம். இரவில விரல் எல்லாம் விறைக்குது. டொக்டர் கட்டச் சொன்னவர்."

"எப்ப தொடக்கம்?"

"முந்தியும் கொஞ்சம் இருந்ததுதானே. சித்திரையோட கூடிப்போச்சு."

சித்திரையில் நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் சதுப்பில் இருந்தோம். அவர் உள்ளே தேத்தண்ணி போடப் போன நேரம், மேசையில் இருந்த அவருடைய கமராவை எடுத்துப் பார்த்தேன். பற்றரி இறந்திருந்தது. என் பையிலிருந்த பற்றரியைப் போட்டேன், ஒரே கம்பனிதானே, பொருந்தியது. கடைசிப் படங்கள் சித்திரைக் கடைசியில் எடுத்தவை. மீன்கொத்தியின் படங்கள், முப்பது நாற்பது இருக்கும். எல்லாம் ஆடியிருந்தன. நீலமும் வெள்ளையுமாக ஒரு இழுவை, பின்னால் மண்சுவர் இரண்டு மூன்றாகத் தெரிந்தது. ஒன்றுகூடக் கூராக இல்லை. வைகாசியிலிருந்து ஒரு படமும் இல்லை. நான் லென்ஸைக் கேட்டு முதல் போன் எடுத்தபோது, கையால் தூக்க ஏலாமல் அவர் ஏற்கனவே நிறுத்திவிட்டிருந்தார்.

தேத்தண்ணியை ஒரு கையால் கொண்டுவந்து வைத்தார்.

"மச்சாள், கமரா தூக்க ஏலேல்ல எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீர் அவ்வளவு பாடுபட்டு எழுதிப் பாத்து வாங்கித் தந்தனீர். பாரமெண்டு எப்பிடிச் சொல்லுறது? பழகீடும் எண்டு நினைச்சன்."

என்னுடைய சொல்லையே சொன்னார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தேத்தண்ணியைக் குடித்தேன், நன்றாக இருக்கிறது என்றேன், வீட்டுக்கு வந்தேன்.

ஐப்பசியில் சத்திரசிகிச்சை. கையை மட்டும் விறைக்கப்பண்ணிச் செய்து, அன்றே வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். நான் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். இருபது வருடம் ஒரே விரலால் ஒரே வேலை செய்தால் இப்படித்தான் வரும் என்று டொக்டர் சொன்னார். தொழிற்சாலைதான் காரணம். நானும் அதைக் கேட்டேன். கமரா பற்றி மச்சாள் டொக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வந்து அவருடைய கட்டடத்தின் பார்க்கிங்கில் காரை நிறுத்தினேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பெல்ற்றைக் கழற்றப் பார்த்தார். நான் கழற்றிவிட்டேன். அப்போது சொன்னேன்.

"மச்சாள், உங்களுக்கு அந்தச் சின்னக் கமராதான் சரி எண்டு எனக்கு அப்பவே தெரியும். எனக்கு அந்த லென்ஸ் தேவைப்பட்டது. நீங்கள் வாங்கினா நான் எடுத்துப் பாவிக்கலாம் எண்டுதான் அந்தக் கம்பனியைச் சொன்னனான்."

முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் தரிப்பில் இரண்டு பெண்கள் பைகளை வைத்துவிட்டு நின்றார்கள். அவர்களைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

"அப்ப அந்தக் கொப்பியில எழுதினது?"

"எல்லாம் உண்மைதான்."

"உண்மையெண்டா இப்ப ஏன் அழுறீர்?"

நான் அழுதுகொண்டிருந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"நீர் ஒருநாள் வந்து, மச்சாள் எனக்கு இந்த லென்ஸ் வாங்கித் தாங்கோ எண்டு கேட்டிருந்தா நான் வாங்கித் தந்திருப்பன். உமக்கு அது தெரியும்தானே?"

"ஓம்."

"நான் எனக்கெண்டு ஒண்டு வாங்கினன் எண்டெல்லோ நினைச்சன்" என்றார்.

கதவைத் திறந்து இறங்கினார். நானும் இறங்கி ஓடிப்போய், மேலே வருகிறேன் என்றேன். வேண்டாம், லிஃப்ற் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபப்பட்டு ஏசியிருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஆறேழு கிழமை என்னுடன் கதைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கதைத்தார். "சாப்பாடு அனுப்பினனீர், நல்லா இருந்தது" என்பார். ஆனால் போன் என் கணவருக்குத்தான் வரும், எனக்கு அல்ல. நான் கணவருக்கு நடந்ததைச் சொன்னபோது, "அக்கா வாழ்க்கையில கேட்ட ஒரேயொரு சாமான்" என்றார். அன்று பாத்திரங்களை அவரே கழுவினார்.

மார்கழியில் மச்சாளே எனக்குப் போன் எடுத்தார். கமராவையும் லென்ஸையும் கடையில் திருப்பி விற்றுவிட்டு வேறு வாங்கப் போகிறார். கடையில் வாங்கும்போது தள்ளுபடிக்காக என்னுடைய கணக்கில் பதிந்ததால் நானும் வர வேண்டுமாம். போகும் வழியில் காரில் சொன்னேன், "அந்த லென்ஸை நானே வாங்கிறன், கடைக்காரர் குறைச்சுத்தான் எடுப்பினம்."

"வேண்டாம். அது உம்மட வீட்டில இருந்தா நான் வரேக்க எல்லாம் அதைக் காணவேண்டி வரும்."

கடையில் ஒரு நடுவயதுப் பெண் எங்களைக் கவனித்தார். மச்சாளின் மணிக்கட்டில் இருந்த தழும்பைக் கண்டதும் அவர் உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு ஒன்றொன்றாகக் கேட்டார். எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள், எவ்வளவு நேரம் நடப்பீர்கள், காரிலா பஸ்ஸிலா, எந்தக் கை வலிக்கும்? மச்சாள் தன்னுடைய இங்கிலிஷில் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நானும் கேட்டிருக்க வேண்டியவைதான் எல்லாம். கேட்டு முடிக்க ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

மூன்று கமராக்களைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஒன்று, நான் கொப்பியின் மற்றப் பக்கத்தில் எழுதிய அதே கம்பனி. அதன் குறைகளை அந்தப் பெண் மறைக்கவில்லை. இருட்டினால் படம் நன்றாக வராது, குளிரில் பற்றரி நிற்காது என்றார். நான் சொல்லிப் பயமுறுத்திய அதே இரண்டும்.

மச்சாள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார், "இருட்டினா நான் வீட்டை வந்திடுவன். குளிருக்க என்னத்துக்கு அங்க போறன்?"

அதைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு கடைக்குள் பத்து நிமிடம் நடந்தார். இடது கையால் தூக்கினார், வலது கையால் தூக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார். என்னிடம் ஒரு அபிப்பிராயமும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பழையவற்றுக்குக் கடைக்காரர்கள் கொடுத்தது பாதிக்கும் குறைவு. மிச்சத்தை நான் போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கைப்பையிலிருந்து கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அடுத்த வசந்தம் ஆற்றில் பெருவெள்ளம் வந்து, மறுகரை மண்சுவர் சரிந்துபோனது. மீன்கொத்திகள் அங்கே வரவில்லை. எனக்கு அதை என் கணவர்தான் சொன்னார். மச்சாள் வேறு பறவைகளை எடுக்கிறார். குடும்பக் குழுவில் ஞாயிறு மத்தியானங்களில் படங்கள் வரும். சிவப்புக் குருவி, அன்னம், ஒருமுறை மீனை விழுங்கும் நாரை, ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரியும். எல்லோரும் பாராட்டி எழுதுவார்கள். நானும் எழுதுவேன். நான் எழுதியதற்கும் மற்றவர்களுக்குப் போலவே கும்பிடும் கை ஒன்றைப் பதிலாகப் போடுவார், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிரிக்கெட்டுக்கு நான் மறுபடியும் லென்ஸ் வாடகைக்கு எடுக்கிறேன். அந்தப் பாய்ந்து பிடித்த படம் சங்க மலரின் அட்டையில் வந்தது. எனக்கு இரண்டு பிரதி தந்தார்கள். இரண்டையும் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார், சிரிக்கிறார். வெளியிலிருந்து பார்க்கிற ஒருவருக்கு எங்களுக்கிடையில் ஒன்றும் நடந்ததாகத் தெரியாது. ஆனால் என்னிடம் எதையும் கேட்பதில்லை. முன்பெல்லாம் போன் திட்டத்துக்கும், சோபாவுக்கும், கடிதத்தில் வந்த இங்கிலிஷ் சொல்லுக்கும் என்னைத்தான் கேட்பார்.

போன மாதம் அவர் கார் வாங்கினார். அறுபது வயதில் லைசென்ஸ் எடுத்து, பாவித்த சின்னக் கார் ஒன்று. வாங்கி, பதிந்து, வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். பார்க்கப் போனோம். பார்க்கிங்கில் காரைச் சுற்றி நடந்து, கதவைத் திறந்து காட்டினார், பின் பெட்டியைத் திறந்து காட்டினார். என் கணவர் ரயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"எப்பிடி இருக்கு?" என்று மச்சாள் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லா இருக்கு மச்சாள்."

முன் ரயர் ஒன்று கொஞ்சம் தேய்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. சொல்லலாமா என்று நினைத்தேன். என் கணவரும் அதைக் கண்டுவிட்டு, அக்காவுக்கு அதைக் குனிந்து காட்டினார். "ஓம், அதை மாத்தவேணும்" என்று மச்சாள் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்று, அவர்கள் கதைத்து முடியும்வரை காத்திருந்தேன்.